ஒரே நிறுவனம், நாட்டுக்கொரு சங்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்தியாவின் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வெளிநாடுகளில் தொழிற்சங்கங்கள் எப்படி இயங்குகின்றன, அவற்றால் நிறுவனங்களுக்கு ஆதாயமா நட்டமா என்று கேட்டிருந்தன. ஒன்றுபோல் இருந்த கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆலையின் தாய் நிறுவனம் ஜெர்மனியைச் சேர்ந்தது. அங்கே தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்துக்குச் சமமாக உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பயிற்சிக்குப் போய்வந்த நண்பர் சொல்கிறார். இங்கேயோ சங்கம் என்றாலே மேலாளர்களின் முகம் மாறிவிடுகிறது. ஒரே கம்பெனி இரண்டு விதமாக நடப்பது எப்படி? (ஓசூர் வாசகர்)

உங்கள் நண்பர் சொன்னது சரிதான். ஆனால் அதை அந்த நிறுவனத்தின் பெருந்தன்மை என்று எண்ணிவிட வேண்டாம். ஜெர்மனியில் சட்டம் கேட்பதை அங்கே செய்கிறார்கள். இங்கே சட்டம் கேட்காததை இங்கே செய்யாமல் விடுகிறார்கள்.

2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் ஜெர்மானிய நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு உரியவை என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டம். அன்றாட நிர்வாகத்தை நடத்தும் குழு வேறு. அந்த நிர்வாகிகளை நியமிப்பதும் நீக்குவதும், அவர்களுடைய பெரிய முடிவுகளைக் கண்காணிப்பதும் மேற்பார்வைக் குழுவின் வேலை. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் பங்குதாரர் தரப்பிலிருந்து வரும் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு என்பதால், கடைசிச் சொல் முதலீட்டாளருடையதே. 500 முதல் 2,000 பேர் வரை உள்ள நிறுவனங்களில் மூன்றில் ஒரு பங்கு இடம் தொழிலாளருக்கு.

ஆலைக்குள் இதைவிட அதிகம் உணரப்படுவது தொழிலாளர் மன்றம். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில்கூட, தொழிலாளர்கள் விரும்பினால் தேர்தல் நடத்தி அதை அமைத்துக்கொள்ளலாம். முதலாளி தடுக்க முடியாது. சனிக்கிழமை ஓவர்டைம் வைக்க வேண்டுமா, ஷிப்ட் அட்டவணையை மாற்ற வேண்டுமா, வேலை செய்வதைக் கண்காணிக்கும் கேமராவையோ மென்பொருளையோ பொருத்த வேண்டுமா, அனைத்துக்கும் மன்றத்தின் சம்மதம் தேவை. அதே மன்றம் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுக்க முடியாது. ஊதிய விகிதங்களும் பொதுவாக அதன் கையில் இல்லை. அவை ஐஜி மெட்டால் போன்ற தொழில்வாரிச் சங்கங்களின் உரிமைகள். அச்சங்கம் ஒரு வட்டாரத்தின் உலோகத் தொழில் முதலாளிகள் கூட்டமைப்போடு ஒப்பந்தம் போடுகிறது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை, அதில் பேசி முடித்தவற்றுக்காக யாரும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. பணத்துக்கான சண்டை இப்படி வாசலுக்கு வெளியே நடப்பதால்தான், உள்ளே மேலாளரும் மன்றத் தலைவரும் ஒரே மேசையில் உட்கார முடிகிறது என்பது என் கருத்து.

இந்த ஏற்பாட்டின் உச்சம் ஃபோக்ஸ்வாகன். அதன் மேற்பார்வைக் குழுவின் 20 பேரில் 10 பேர் தொழிலாளர் தரப்பு. மற்ற 10 பேரில் இருவர் லோயர் சாக்சனி மாநில அரசின் பிரதிநிதிகள். ஆலை அமைப்பதற்கும் இடம் மாற்றுவதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று அந்நிறுவனத்துக்கென்றே ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. 2024 செப்டம்பரில், ஜெர்மனியிலேயே ஆலைகளை மூட நேரலாம் என்று நிர்வாகம் சொன்னபோது, டிசம்பரில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் சில மணி நேர எச்சரிக்கை வேலைநிறுத்தம் செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே உடன்பாடு வந்துவிட்டது. 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட வேலைகள் குறையும். ஆனால் யாரையும் கட்டாயமாக வெளியேற்றுவதில்லை. பதிலுக்குத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வை விட்டுக்கொடுத்தார்கள். இத்தகைய நிறுவனம் விரைந்து முடிவெடுக்க முடியாது என்று முதலீட்டாளர்கள் குறைபடுவதில் நியாயம் இருக்கிறது. எடுத்த முடிவை நிறைவேற்றும்போது ஆலை வாசலில் யாரும் மறிப்பதில்லை என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று ஆலையில் தேர்தலே நடத்துகிறார்களாம். விரும்புகிறவர்கள் சேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடாமல் வாக்கெடுப்பு எதற்கு? (சென்னை, நிர்வாகவியல் மாணவி)

அங்கே சங்கம் என்பது பெரும்பான்மையின் உரிமையாக அமைக்கப்பட்டிருப்பதால்தான். 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டப்படி, ஒரு பணியிடத்தில் 30 சதவீதத்தினர் கையெழுத்திட்டால் வாக்கெடுப்பு கோரலாம். பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால், எதிர்த்து வாக்களித்தவர்கள் உட்பட அனைவருக்கும் அந்தச் சங்கமே பேசும். நிர்வாகம் பேசியாக வேண்டும். 49 சதவீதம் கிடைத்தால் நிர்வாகம் யாரோடும் பேசத் தேவையில்லை. நம் ஊரைப்போல் பத்துப் பேர் சேர்ந்து கொடியேற்றும் சங்கத்துக்கு அங்கே இடமில்லை. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற இந்த ஏற்பாட்டினால் ஒவ்வொரு ஆலையும் தேர்தல் களமாகிறது. சங்கத்தைத் தோற்கடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆலோசகர்களை நிறுவனங்கள் பணம் கொடுத்து அமர்த்துகின்றன. ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்பவர்களின் இடத்தில் நிரந்தரமாகவே வேறு ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்பது 1938இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்ற விதி. 1947இல் வந்த திருத்தச் சட்டம், சந்தா கட்டாயம் என்ற ஒப்பந்தங்களைத் தடைசெய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் தந்தது. இப்போது 26 மாநிலங்கள் அப்படித் தடைசெய்திருக்கின்றன. 1950களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சங்க உறுப்பினராக இருந்த நாட்டில், 2024இல் பத்தில் ஒருவர்கூட இல்லை. தனியார் துறையில் மட்டும் பார்த்தால் 6 சதவீதத்துக்கும் கீழே.

டென்னசி மாநிலத்தின் சாட்டனூகாவில் ஃபோக்ஸ்வாகனுக்கு ஒரு ஆலை இருக்கிறது. அங்கே 2014இல் நடந்த வாக்கெடுப்பில் வாகனத் தொழிலாளர் சங்கம் 626க்கு 712 என்ற கணக்கில் தோற்றது. அந்த முறை நிறுவனம் சங்கத்தை எதிர்க்கவில்லை. ஜெர்மனியில் இருப்பதுபோன்ற தொழிலாளர் மன்றத்தை அங்கேயும் வைத்துக்கொள்ளவே விரும்பியது. ஆனால் முதலாளியின் பிடியில் இயங்கும் தொழிலாளர் அமைப்பை அமெரிக்கச் சட்டம் தடைசெய்வதால், சுயேச்சையான சங்கம் ஒன்று வராமல் அதை அமைப்பது சட்டச் சிக்கலாக இருந்தது. எதிர்த்தவர்கள் மாநில அரசியல்வாதிகள். 2019இல் மறுபடியும் தோல்வி, அதுவும் 776க்கு 833 என்று நூலிழையில். 2024 ஏப்ரலில் 73 சதவீத வாக்குகளோடு வெற்றி கிடைத்தது.

இடையில் நடந்தது 2023ஆம் ஆண்டின் போராட்டம். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் ஆகிய மூன்று நிறுவனங்களையும் ஒரே நேரத்தில் எதிர்த்து, எல்லா ஆலைகளையும் மூடாமல் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஆறு வாரத்தில் நாலரை ஆண்டுக்கு 25 சதவீத அடிப்படை ஊதிய உயர்வைச் சங்கம் பெற்றது. சில வாரங்களுக்குள் டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் ஆகியவை சங்கமில்லாத தங்கள் அமெரிக்க ஆலைகளில் தாமாகவே ஊதியத்தை உயர்த்தின. சங்கம் உள்ள நிறுவனம் மட்டும் அதிகச் செலவைச் சுமக்க, பக்கத்து மாநிலத்துப் போட்டியாளர் தப்பித்துக்கொள்வதுதான் அமெரிக்க முறையின் பெரிய குறை. ஓய்வூதியர்களின் மருத்துவச் செலவுகூட இந்த மூன்று டெட்ராய்ட் நிறுவனங்களின் தலையில் இருந்தது. 2007 ஒப்பந்தத்தில் அதைத் தனி அறக்கட்டளைக்கு மாற்றத் தொடங்கினார்கள். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாவதை அது தடுக்கவில்லை. நிறுவனம் நிறுவனமாகச் சண்டையிட வேண்டிய முறையில் முதலாளிகள் சங்கத்தை உயிர்ப்பகையாகப் பார்ப்பதில் வியப்பில்லை.

கேள்வி: சங்கம் வலுத்தால் முதலீடு ஓடிவிடும் என்பது எங்கள் அனுபவம். ஸ்வீடனில் பத்தில் ஏழு பேர் சங்கத்தில் இருக்கிறார்களாமே. அங்கே தொழில் எப்படி நடக்கிறது? (திருப்பூர், ஏற்றுமதியாளர்)

நடக்கிறது, ஆனால் எல்லாத் தொழிலும் நடப்பதில்லை. இதைச் சொல்லாமல் ஸ்வீடனைப் புகழ்வது நேர்மையாகாது.

ஸ்வீடனில் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே கிடையாது. 1938இல் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் முதலாளிகள் கூட்டமைப்பும் சங்கங்களின் தலைமைக் கழகமும் செய்துகொண்ட உடன்பாடு முதல், அரசைத் தள்ளி நிற்கவைத்துத் தங்களுக்குள் பேசி முடிப்பதே அங்கு வழக்கம். ஏறக்குறைய 90 சதவீத ஊழியர்கள் ஏதேனும் ஒரு கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள். 1950களில் சங்கத் தலைமைக் கழகத்தின் பொருளியலாளர்களான கோஸ்டா ரேன், ருடால்ஃப் மெய்ட்னர் ஆகியோர் வகுத்த கொள்கையின்படி, ஒரே வேலைக்கு ஒரே ஊதியம். நிறுவனம் லாபத்தில் ஓடுகிறதா நட்டத்தில் ஓடுகிறதா என்பது கேள்வியில்லை. திறமையான நிறுவனங்களுக்கு இது பெரிய சலுகையாக அமைந்தது, ஏனென்றால் அவை கொடுக்கக்கூடிய அளவுக்கு ஊதியம் கேட்கப்படவில்லை. குறைந்த கூலியை நம்பி நின்ற நிறுவனங்கள் மூடப்பட்டன. அங்கிருந்து வெளியேறியவர்களுக்கு அரசு வேறு தொழில் கற்றுக்கொடுத்தது. அவ்வாறு சுருங்கிப்போனவற்றில் முதன்மையானது போரோஸ் நகரைச் சுற்றி இருந்த நெசவு, ஆடைத் தொழில். இந்த வரியைத் திருப்பூரிலிருந்து படிப்பவர் எப்படிப் படிப்பார் என்று எனக்குத் தெரியும்.

1997 முதல் ஏற்றுமதித் தொழில்களின் ஒப்பந்தமே மற்றத் துறைகளின் ஊதிய உயர்வுக்கு அளவுகோல். எனவே போட்டி நாடுகளில் விலை என்ன என்ற கவலை அங்கே சங்கத் தலைவருக்கும் உண்டு. இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்க முயலும் நிறுவனம் என்ன ஆகும் என்பதற்கு டெஸ்லா எடுத்துக்காட்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததால், 2023 அக்டோபர் 27 அன்று அதன் பழுதுபார்ப்பு நிலையங்களின் மெக்கானிக்குகள் ஐஎஃப் மெட்டால் என்ற உலோகத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்பில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆதரவு வேலைநிறுத்தம் அங்கே சட்டப்படி செல்லும். துறைமுகத்தில் டெஸ்லா கார்களை இறக்கவில்லை. மின்பணியாளர்கள் அதன் நிலையங்களில் பழுதுபார்க்கவில்லை. புதிய கார்களுக்கான நம்பர் பிளேட்டுகள் தபாலில்தான் வரும் என்பதால், தபால் ஊழியர்கள் அந்த உறைகளை மட்டும் தொட மறுத்தார்கள். டெஸ்லா வழக்குத் தொடுத்தது; ஆண்டுக்கணக்கில் இழுபட்டும் கையெழுத்திடவில்லை, ஸ்வீடனில் கார் விற்பதையும் நிறுத்தவில்லை. அதே டெஸ்லாவின் பெர்லின் அருகிலுள்ள ஆலையில் தொழிலாளர் மன்றம் இருக்கிறது, ஏனென்றால் ஜெர்மானியச் சட்டத்தில் அதற்கு மறுக்க வழியில்லை.

முதலீடு ஓடுமா என்ற கேள்விக்கு ஒரு ஆய்வைச் சொல்லலாம். 1994 ஆகஸ்டுக்குப் பின் பதிவான சிறிய ஜெர்மானியப் பங்கு நிறுவனங்களுக்கு, மேற்பார்வைக் குழுவில் தொழிலாளருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற விதி நீக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பதிவானவற்றைச் சைமன் யேகர், பெஞ்சமின் ஷோஃபர், யோர்க் ஹைனிங் ஆகியோர் ஒப்பிட்டபோது, தொழிலாளர் பிரதிநிதிகள் இருந்த நிறுவனங்களில் மூலதனம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது; ஊதியத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

நம் நாட்டில் இந்த அச்சத்துக்குக் காரணமாக எப்போதும் காட்டப்படுவது 1982இன் பம்பாய் பஞ்சாலை வேலைநிறுத்தம். ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த்தின் பின்னால் திரண்டார்கள். ஆலைகள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஆனால் அந்த மாகாணத்தின் 1946ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு சங்கத்தையே ஒரே பிரதிநிதியாக ஏற்றிருந்தது. தொழிலாளர்கள் நம்பியவரோடு பேச முதலாளிகளுக்குச் சட்டக் கடமை இல்லை. பேசக் கடமைப்பட்ட சங்கத்தைத் தொழிலாளர்கள் நம்பவில்லை. எந்திரங்கள் பழசாகி, நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் சில முதலாளிகளுக்கு அது வசதியாகவும் போயிற்று.

கேள்வி: ஜப்பானில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யாமல், கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு கூடுதலாக உற்பத்தி செய்வார்களாமே? ஒரு செருப்புக் கம்பெனியில் இடது கால் செருப்பை மட்டும் செய்து குவித்தார்களாம், உண்மையா? (சேலம் வாசகர்)

நமது மேடைப் பேச்சாளர்களுக்கு அந்தச் செருப்பு நீண்ட காலம் உழைத்திருக்கிறது. பட்டை கட்டிக்கொண்டு வேலைக்கு வருவது அங்கே உண்டு, மற்றது கட்டுக்கதை. 1950இல் டொயோட்டா திவாலாகும் நிலையில் ஆட்குறைப்பு செய்தபோது நடந்த போராட்டத்தின் முடிவில், நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். 1953இல் நிசானில் மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. 1960இல் மீகே நிலக்கரிச் சுரங்கப் போராட்டம் நாட்டையே உலுக்கியது. நிசானில் நிர்வாகம் இரண்டாவது சங்கம் ஒன்றை ஆதரித்து வளர்த்துப் பழைய சங்கத்தை முறித்தது. இந்தத் தோல்விகளுக்குப் பின் வேரூன்றியதே இன்று நாம் காணும் நிறுவனவாரிச் சங்கம்: ஒரு நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்கள் மட்டும், எந்திரம் இயக்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே சங்கத்தில். நேற்றைய சங்கச் செயலர் நாளை மேலாளராகலாம். நிறுவனம் மூழ்கினால் சங்கமும் மூழ்கும் என்பதால், எந்திர மனிதர்களைக் கொண்டுவருவதற்கோ வேலைமுறையை மாற்றுவதற்கோ அவர்கள் குறுக்கே நிற்பதில்லை. ஊதியத்துக்கு 1955 முதல் பல சங்கங்கள் ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. 2024இல் சராசரி உயர்வு 33 ஆண்டுகளில் முதன்முறையாக 5 சதவீதத்தைத் தாண்டியது.

2023 ஆகஸ்டு 31 அன்று டோக்கியோவின் இகெபுகுரோவில் செய்பு பல்பொருள் அங்காடி வேலைநிறுத்தத்தால் ஒரு நாள் மூடப்பட்டது. அத்தகைய அங்காடிகளில் ஏறக்குறைய 60 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. நிறுவனத்தை அமெரிக்க முதலீட்டு நிதியம் ஒன்றுக்கு விற்பதை எதிர்த்த போராட்டம் அது; மறுநாளே விற்பனை முடிந்தது. ஜப்பானிய ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் பகுதிநேர, ஒப்பந்த ஊழியர்கள்; அவர்களில் பெரும்பாலோர் சங்கங்களுக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

கேள்வி: பிரான்சில் பத்தில் ஒருவர்தான் சங்க உறுப்பினர் என்று படித்தேன். பிறகு எப்படி நாடே ஸ்தம்பிக்கிறது? (புதுச்சேரி வாசகர்)

அங்கே வேலைநிறுத்த உரிமை சங்கத்துக்கு உரியதன்று. அரசியலமைப்பின் வழி ஒவ்வொரு ஊழியருக்கும் உரியது. உறுப்பினர் அட்டை இல்லாதவரும் சங்கம் அழைக்கும் நாளில் வேலையை நிறுத்தலாம். ஒரு துறைக்கான ஒப்பந்தத்தைத் தொழிலாளர் அமைச்சகம் அத்துறையின் எல்லா நிறுவனங்களுக்கும் விரிவுபடுத்திவிடுவதால், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு ஒப்பந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. சந்தா கட்டாமலே பயன் கிடைக்கும்போது யார் சந்தா கட்டுவார்கள்?

கேள்வி: சாம்சங் ஆலையில் சங்கத்தைப் பதிவு செய்வதற்கே 37 நாள் வேலைநிறுத்தம் ஏன் தேவைப்பட்டது? குறைந்தது ஏழு பேர் விண்ணப்பித்து, ஊழியர்களில் பத்தில் ஒருவரோ நூறு பேரோ உறுப்பினராக இருந்தால் சங்கம் என்றுதானே சட்டம்? (ஸ்ரீபெரும்புதூர் வாசகர்)

சங்கம் அமைப்பதைச் சட்டம் எளிதாக்கியது. அதோடு நிர்வாகம் பேச வேண்டும் என்பதைத்தான் சட்டம் நெடுங்காலம் சொல்லாமல் விட்டது. இதன் வேர் நம் ஊரிலேயே இருக்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளின் உரிமையாளரான பின்னி நிறுவனம், தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகச் சங்கத் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சங்கம் நடத்தியதற்காக இப்படி வழக்கில் சிக்கும் நிலையை மாற்ற மத்திய சட்டசபையில் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி குரல் எழுப்பினார். அதன் விளைவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். ஆகவே அது பாதுகாப்புச் சட்டமாகப் பிறந்தது. பதிவு பெற்ற சங்கத்தை நிர்வாகம் அங்கீகரிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மகாராஷ்டிரம் 1971இல் தனிச் சட்டமாக இயற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று வரவில்லை.

இந்த இடைவெளியில்தான் நமது ஆலைகளின் வழக்கங்கள் எல்லாம் உருவாயின. புதிய தொகுப்பு வரும்வரை நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டத்தில் 18(1) ஒப்பந்தம் என்பது நிர்வாகமும் ஒரு சங்கமும் தமக்குள் போட்டுக்கொள்வது. கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். 12(3) ஒப்பந்தம் என்பது தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போடுவது; எந்தச் சங்கத்தில் இருந்தாலும், நாளை வேலைக்குச் சேர்ந்தாலும், எல்லாரையும் கட்டுப்படுத்தும். எனவே தனக்கு இசைவான சங்கத்தையோ குழுவையோ கண்டுபிடித்துப் பேசி முடிப்பது நிர்வாகத்துக்கு லாபம். எப்படியாவது சமரச அலுவலரின் மேசைக்கு விவகாரத்தைக் கொண்டுபோவது மற்றச் சங்கங்களுக்கு லாபம். கேட் மீட்டிங்கும் வேலைநிறுத்தமும் அந்த மேசைக்குப் போகும் வழியாகிவிட்டன. சாம்சங்கில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, நிர்வாகம் உள்ளே இருந்த ஊழியர் குழு ஒன்றோடு உடன்பாடு கண்டது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' இருக்கக் கூடாது என்பது அதன் ஆட்சேபங்களில் ஒன்று. அக்டோபர் 15 அன்று போராட்டம் முடிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2025 ஜனவரியில் சிஐடியு சார்புச் சங்கம் பதிவானது. அதே ஆண்டு மே மாதம் ஊதிய ஒப்பந்தமும் கையெழுத்தானது.

கொரியாவிலும் பல பத்தாண்டுகள் சங்கமே வேண்டாம் என்ற கொள்கையில் நின்ற நிறுவனம் இது. அதற்காக, அப்போது அதன் துணைத் தலைவராக இருந்த லீ ஜே-யோங் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான். சாம்சங் எலெக்ட்ரானிக்ஸின் வரலாற்றில் முதல் வேலைநிறுத்தம் 2024 ஜூன் 7 அன்று அங்கே நடந்தது. மூன்று மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூர்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீத ஆதரவுள்ள சங்கத்தை ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. அப்படி ஒன்று இல்லையென்றால், குறைந்தது 20 சதவீத ஆதரவு உள்ளவற்றைக் கொண்ட மன்றத்தோடு பேச வேண்டும். நூறாண்டு இடைவெளியை ஒருவழியாக நிரப்பும் இந்தப் பகுதியை நான் வரவேற்கிறேன். ஆனால் எல்லாத் தொழிற்கூடங்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஒரே நாளில் பாதிப் பேர் சேர்ந்து விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான் என்ற விதிகளும் அதே தொகுப்பில் இருக்கின்றன. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்திருக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை எந்தக் கை எடுத்துக்கொள்கிறது என்பது, அந்த 51 சதவீதத்தைச் சரிபார்க்கும் முறையைப் பொறுத்தது. நிர்வாகத்தின் கண்முன்னே உறுப்பினர் பட்டியலை நீட்டுவதற்கும் ரகசிய வாக்கெடுப்புக்கும் பெரிய தூரம் இருக்கிறது.

கேள்வி: இலங்கை மலையகத் தோட்டங்களில் சங்கங்களுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் சம்பள உயர்வுக்கு அரசாங்கத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஏன்? (ஹட்டன் வாசகர்)

உங்கள் தலைவர்கள் தோட்டத்தில் பேசுவதைவிட நாடாளுமன்றத்தில் பேசுவதில் வலுவானவர்கள் என்பதே என் பதில். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் அமைச்சரானது முதல், வாக்குகளைக் காட்டிப் பேரம் பேசுவது பழக்கமாகிவிட்டது. குடியுரிமை போன்றவற்றில் அது பலனும் தந்தது. ஊதியம் மட்டும் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்கும் சில சங்கங்களுக்கும் இடையே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போடப்பட்ட கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானமாயிற்று. 2021இல் சம்பள நிர்ணய சபை நாளுக்கு 1,000 ரூபாய் என்று விதித்ததும், கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வந்தது. அதற்கு எத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்பது ஒவ்வொரு தோட்டத்திலும் துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், முடிவாகிவிட்டது. அளவு குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். நாட்கூலியை அரசும் வேலையின் அளவை நிர்வாகமும் தீர்மானித்தால், சங்கத்துக்குப் பேச எதுவும் மிஞ்சுவதில்லை. கொழுந்தின் அளவை மறுபடியும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவருவதற்கே முதலில் போராட வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலைநிறுத்தம் என்ற பேச்சே இல்லையே, அங்கே சங்கம் கிடையாதா? (சிங்கப்பூரில் பணிபுரியும் புதுக்கோட்டை வாசகர்)

உண்டு. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1961இல் தொடங்கியது. ஆளுங்கட்சிக்கு மிக நெருக்கமானது. அரசு, முதலாளி, சங்கம் ஆகிய மூன்று தரப்பும் அமர்ந்த தேசிய ஊதிய மன்றம் 1972 முதல் ஆண்டுதோறும் பரிந்துரை வழங்குகிறது. 1986இல் ஹைட்ரில் நிறுவனத்தில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பின் 2012இல் சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள் முன்னறிவிப்பின்றி வேலையை நிறுத்தினார்கள். சிலர் சிறை சென்றனர், பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். வெளிநாட்டு ஊழியரான நீங்கள் சங்கத்தில் சேரலாம். அமீரகத்திலோ சவூதியிலோ இருக்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த உரிமையும் இல்லை.

கேள்வி: பம்புசெட் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன், 35 பேர் வேலை செய்கிறார்கள். சங்கம் தொடங்கியிருப்பதாகவும் அடுத்த வாரம் பேச வேண்டும் என்றும் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்வது? (கோவை, சிறுதொழில் முனைவோர்)

முதலில், கையெழுத்திட்டவர்களில் யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவோ இடம் மாற்றவோ செய்யாதீர்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தண்டிப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுங்கள். கோரிக்கைப் பட்டியலுக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள். முடியாததை ஏன் முடியாது என்றும் எழுதுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் குறைதீர்ப்புக் குழு கட்டாயம்; பெரும்பாலான பட்டறைகளைப்போல் உங்களிடமும் அது இருக்காது என்று ஊகிக்கிறேன், இந்த வாரமே அமையுங்கள். கழிப்பறை, கையுறை, மிகைநேரக் கணக்கு போன்றவை அங்கேயே தீர்ந்தால் ஊதியப் பேச்சு சுருங்கும். வெளியிலிருந்து வரும் சங்கத் தலைவரோடு பேச மாட்டேன் என்று அடம்பிடிப்பதில் பயனில்லை. உங்கள் தொழிலாளர்களைவிட அவருக்கு ஒப்பந்தங்கள் அதிகம் தெரியும் என்பதால், பேச்சு விரைவில் முடியவும் வாய்ப்பு உண்டு. ஒப்பந்தம் என்று வரும்போது காலவரையறை, உற்பத்தி அளவு, ஊதிய உயர்வு எந்த மாதத்திலிருந்து என்பது ஆகிய மூன்றையும் தெளிவாக எழுதி, சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். பேச்சுக்குப் போகும்போது ஆர்டர் கணக்கையும் மின்கட்டண ரசீதுகளையும் எடுத்துச் செல்லுங்கள். லாபமில்லை என்று வாயால் சொல்லும் முதலாளியைத்தான் அவர்கள் இதுவரை பார்த்திருப்பார்கள்.